மதிய ஆட்டத்துச் சலங்கை

சினிமாக் கொட்டகையில் பெண்கள் வாசலில் நின்று டிக்கெட் கிழிக்க ஓர் ஐயங்கார் வீட்டுப் பெண்ணா என்று தூத்துக்குடி சில நாள் பேசியது. அப்புறம் ஊருக்கும் பழகிவிட்டது, ஹேமாம்புஜத்துக்கும் பழகிவிட்டது. பம்பாய்க்குப் போன புருஷன் திரும்பவில்லை. பெண் குழந்தைக்குச் சோறு போட வேண்டுமே! மதிய ஆட்டத்துக்குக் கொட்டகை. மாலையில் இரண்டு வீடுகளில் சமையல்.

அந்தக் கோடையில் வந்த படம் அவள் கதையேதான். புருஷன் கைவிட்ட ஒருத்தி மேடையில் ஆடிப் பிள்ளையை வளர்க்கிறாள். இடைவேளை முடிந்ததும் அந்த நடனம். வாசலில் நிற்கும் ஹேமாவுக்குப் பாட்டு கேட்கும், சலங்கை கேட்கும், படம் தெரியாது. வாசலில் தொங்கும் கறுப்புத் துணியைக் கொஞ்சம் விலக்கினாலும் வெயில் உள்ளே பாயும், விசில் பறக்கும்.

கல்யாணம்வரை ஆடிய கால் அது. சலங்கைச் சத்தத்துக்குத் தானாகத் துடிக்கும்.

பள்ளிக்கூட விடுமுறையில் தினமும் ஓசியில் படம் பார்க்கிற மகள் செங்கமலவல்லிதான் வீட்டுக்கு வந்து ஆடிக் காட்டுவாள்.

"இப்படிச் சுத்தினாம்மா. அப்புறம் மண்டி போட்டுண்டு, கையை இப்படி..."

"மண்டியிலேர்ந்து அப்படியேவா எழுந்துண்டா?"

"ஆமாம்மா!"

ஒரே ஒரு தரம் அதை நேரில் பார்த்துவிட்டால் போதும் என்று ஏங்கினாள் ஹேமா.

கடைசி நாளும் வந்தது. மறுநாள் படப்பெட்டி திருச்செந்தூர் போகிறது. முறுக்கு விற்கும் ஜெபசெல்வி அவளைப் பிடித்துத் தள்ளினாள்.

"உள்ள போங்க மாமி, வாசலை நான் பாத்துக்கிடுதேன். மேனேசர் அண்ணாச்சி கேட்டா வயித்துவலின்னு சொல்லுதேன்."

"எனக்கா, உனக்கா?"

"யாருக்காவது! பாட்டு ஆரம்பிச்சிட்டு, ஓடுங்க!"

ஹேமா இருட்டில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சலங்கை ஒலித்தது. திரையில் நடிகையின் முகம், கண்ணீர். பிறகு கடல் அலை. தொட்டிலில் குழந்தை. மறுபடி முகம். பாட்டு முடிந்தது. அந்தக் கால்களை ஒரு தடவைகூடக் காட்டவில்லை.

சுற்றவில்லை. மண்டியிடவில்லை.

வெளியே வந்தவளிடம், "நல்லா ஆடுதாளா மாமி?" என்றாள் ஜெபசெல்வி.

"ரொம்ப நன்னா ஆடறா" என்றாள் ஹேமா.

படம் விட்டதும் செங்கமலம் தயங்கித் தயங்கி வந்தாள். அம்மா தூணருகே நின்றதை அவள் பார்த்திருந்தாள்.

"அம்மா... நீ ஆசையாக் கேட்டியா, அதான் நானாவே ஆடிக் காட்டினேன்..."

ஹேமா அவள் நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்தாள்.

"நாளைக்குப் புதுப் படம்டி. அதுலேயும் டான்ஸைப் பாத்துட்டு வந்து எனக்கு ஆடிக் காட்டணும்."

"அது சண்டைப் படம்மா. டான்ஸே கிடையாதாம்."

"இருக்கும்டி. நீ நன்னாப் பாரு."