முள்ளில் இறங்கிய மூடுபனி

மலை உச்சிப் பிரசவ ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர் லாரியில்தான் ஏறி வரும். மழை பொய்த்த மாதங்களிலும் மூடுபனி மட்டும் தவறாமல் வந்து ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கும். அந்தப் பனியிலிருந்து தண்ணீர் எடுக்க, தலைமை நர்ஸின் அண்ணி கீழே நகரத்து ஆய்வுக்கூடத்தில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

முதலில் செய்த வலையை ஆஸ்பத்திரி மொட்டைமாடியில் கட்டிப் பார்த்தார்கள். இழையெங்கும் துளிகள் முத்து முத்தாய்த் தொங்கின. வெயில் ஏறியதும் போன இடம் தெரியவில்லை. வாளியின் அடிகூட நனையவில்லை.

“உங்க வலை எங்க அண்ணன் மாதிரியே இருக்கு அண்ணி. வாங்கி வெச்சுக்குது, திருப்பித் தரமாட்டேங்குது” என்றாள் நர்ஸ்.

அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் அந்தப் பேச்சு அவளைக் குடைந்தது. பிடிப்பதில் கோளாறில்லை; விடுவதில்தான். கள்ளிச்செடி ஒன்றை வாங்கி வந்து, பனிபோல் நீர் தெளித்து, லென்ஸ் வழியே பார்த்தாள். ஊசிமுனையில் சேர்ந்த துளி, யாரும் தள்ளாமலே முள்ளின் தடித்த அடிப்பக்கம் நகர்ந்தது. அவளுடைய இழையோ நெடுக ஒரே பருமன். பாவம், துளி எந்தப் பக்கம்தான் போகும்?

இழையைத் தூக்கிப் போட்டுவிட்டு, தகடுகளில் முள் முள்ளாக வார்த்தாள். ஒவ்வொரு முள்ளின் அடியிலும் வழுக்கும் வாய்க்கால் ஒன்று வைத்தாள். இதற்குள் ஆய்வுக்கூட இயக்குநர் பொறுமையிழந்து, ஆராய்ச்சியை இத்தோடு மூடிவிடலாம் என்றார். அவளோ லீவு போட்டுவிட்டு, புதிய தகடுகளோடு மலையேறினாள்.

அவள் போன மறுநாள் மண் சரிந்து பாதை அடைபட்டது. லாரி நின்றது. தொட்டி வற்றிக்கொண்டிருந்தபோது, இடுப்பு வலியோடு ஒருத்தியைத் தூக்கி வந்தார்கள். பிரசவ அறைக்குள் போகுமுன் நர்ஸ் அண்ணியை ஒரு பார்வை பார்த்தாள். இம்முறை கேலி பேசவில்லை.

விடிகாலையில் பனி இறங்கியது. மாடியில் அவள் கட்டியிருந்த தகடுகளின் கீழிருந்த குழாய் இரண்டு முறை துப்பியது. பிறகு நூலாய் ஒழுகியது, நிற்காமல். வாளி நிறைந்தது. அண்டா நிறைந்தது. ஆயாக்கள் கையில் கிடைத்த பாத்திரத்தோடு மாடிக்கு ஓடிவந்தார்கள். அண்ணி இரு கைகளிலும் ஏந்தி முகத்தில் அடித்துக்கொண்டாள். அதில் கண்ணீர் எது, பனி எது என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தத் தண்ணீரைக் காய்ச்சித்தான், அன்று பிறந்த பெண் குழந்தையைத் துடைத்தெடுத்தார்கள்.

பாதை திறந்ததும் முதல் லாரியில் இயக்குநரே வந்து இறங்கினார். குழாயை எங்கே போடுவது என்று டிரைவர் கேட்டார்.

“இங்க தொட்டி நிறைஞ்சு கெடக்குண்ணே. கீழ் ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுங்க” என்றாள் நர்ஸ், தலையை நிமிர்த்திக்கொண்டு.

மூச்சு வாங்க மாடியேறி வந்த இயக்குநர் எதையோ சொல்ல வாயெடுத்தார். அண்ணி அடுத்த தகட்டைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“அப்புறம் பேசலாம் சார். முதல்ல இந்த ஓரத்தைப் பிடிங்க.”

அவர் பிடித்துக்கொண்டார்.