கனகரெத்தினத்தின் இயேசு

1

டங்! டங்! சவப்பெட்டி மூடியில் இரண்டாவது ஆணி இறங்கும்போது வாசலில் ஒரு கார் கிறீச்சிட்டு நின்றது.

இந்தக் கதை கல்முனைச் சந்தையில் ஒரு சலூனில் எனக்குக் கிடைத்தது. சொன்னவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பு மூட்டிய கோபத்தில் எழுதுகிறேன். (கோபத்தில் எழுதினால் கதை கோணிப்போகும் என்பார்கள். கோணட்டும்.)

2

வருஷம் எண்பத்துநாலு. இறந்தவள் பூமணி. பெட்டியருகே சுத்தியலோடு நிற்பவர் அவள் புருஷன் கனகரெத்தினம், வேதக்கோயில் மூப்பர். காரில் வந்தவள் மகள் ரஞ்சிதம். கலந்தர் என்ற முஸ்லிமைக் கலியாணம் முடித்தபின் ஸாலிஹா. ஐந்து வருஷமாக அப்பன் அவளை வாசல் மிதிக்க விடவில்லை.

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடிவந்தாள்.

"அப்பா, ஒருக்காத் திறங்க. அம்மாட முகத்தைப் பார்த்திட்டுப் போயிடுறன்."

"இயேசுவை மறுதலிச்சவளுக்கு இஞ்ச என்ன வேலை?"

"நாங்களும் இயேசுவை ஈஸா நபியெண்டு மதிக்கிற ஆக்கள்தானே அப்பா."

"உங்கட ஈஸா சிலுவையில சாகல்ல. என்ட இயேசு எனக்காகச் செத்தவர். ரெண்டு பேரும் ஒராளில்ல."

பூமணியின் அக்கா செல்லத்தங்கம் மூக்கைச் சிந்தினாள். "செத்தவர் தனக்கு ஆணி அடிச்சவனையே மன்னிச்சவராம், மச்சான். நீங்க பெத்த புள்ளைக்கே அடிக்கிறீங்க."

3

மூப்பரின் கண்களில் நரகத்தீ கொழுந்துவிட்டு...

வேண்டாம். அரக்கனாக்கினால் எனக்கு வேலை சுலபம். எழுபத்தெட்டுச் சூறாவளியில் கோயில் கதவைத் திறந்து, கூரையிழந்த முஸ்லிம் குடும்பங்களுக்குக் கஞ்சி ஊற்றியவர் இவர்தான். பசித்தவனில் இயேசுவைக் கண்டவர். ஊராருக்குக் கஞ்சி ஊற்றும் இயேசு. மகளுக்குத் தீர்ப்புச் சொல்லும் இயேசு. இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு, தேவைக்கு ஒன்றை எடுத்து நீட்டுகிறாரே, அதுதான் என் வயிற்றை எரிக்கிறது.

4

முடிவு ஒன்று: போதகர் வந்து பெட்டியைத் திறக்கச் சொல்கிறார். (வாரப் பத்திரிகைக்குப் பிடிக்கும். எனக்குப் பிடிக்கவில்லை.)

முடிவு இரண்டு: கலந்தர் காரிலிருந்து இறங்கி, மாமனாரின் சட்டையைப்...

இல்லை. அவன் இறங்கினால் கதை மதச் சண்டையாகிவிடும், மூப்பர் தப்பிவிடுவார்.

பெட்டி திறக்குமா என்பதை உங்களிடமே விடுகிறேன். தீர்மானிக்குமுன், சுத்தியலை ஓங்கிய கை அந்தரத்தில் நிற்க, மூப்பர் செல்லத்தங்கத்திடம் தணிந்த குரலில் சொன்னதையும் கேட்டுவிடுங்கள்:

"இப்ப திறந்தா... பூமணி கடைசிமட்டும் 'மகளைக் கூப்பிடுங்க' எண்டு அழுதாளே, அப்ப கூப்பிடாம நான் செஞ்சது என்ன மச்சாள்?"