சீலாவுக்கு ஒரு படுக்கை

நாய்க்குப் படுக்கை கேட்டுத் தொலைக்காதே என்று ஜோதிமேரி மகளிடம் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். இரண்டாம் அலை வந்த மே மாதத்தில், ராமநாதபுரத்தில் கொரோனா வார்டாக மாற்றப்பட்டிருந்த ஒரு கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் ஜோஸ்லின் முதலில் கேட்டது அதைத்தான்: "எங்க அப்பா பக்கத்துல எங்க நாய்க்கு ஒரு படுக்கை வேணும்."

அவர்களுடைய கடலோர ஊரான காரங்காட்டில் இதை யாரும் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுடைய அப்பா மரியதாஸ் கடலிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தால், மீனில் பாதியைக் கடித்துவிட்டு மறுபாதியை நாய்க்குப் போடுவார். மூஞ்சி சீலா மீனைப் போல நீண்டிருந்ததால் அதற்குச் சீலா என்று பெயர். காய்ச்சலோடும் அப்படித்தான் போட்டார். அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிய மூன்றாம் நாள் சீலா இருமியது, அவருடைய இருமலையே: குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று, கடைசியில் ஒரு செருமல். கால்நடை மருத்துவர் நாகலெட்சுமி, மனிதரிடமிருந்து நாய் பூனைக்குத் தொற்றுவது உண்டு, பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டே ஆக்ஸிஜன் பார்க்கும் கருவியை அதன் நாக்கில் மாட்டினார். எண்பத்தெட்டு. அதே நேரம் வார்டிலிருந்து போன் வந்தது: அப்பாவுக்கும் எண்பத்தெட்டு. மருத்துவர் கருவியை வீட்டிலேயே விட்டுப் போனார்; அதன் பிறகு இரண்டு எண்களும் பிரியவேயில்லை. அங்கே சிலிண்டர் மாற்றினால் இங்கே நாய் எழுந்து தண்ணீர் குடித்தது. வார்டில் போனை எடுக்க ஆளில்லாத அந்த நாட்களில், தன் ஆள் எப்படியிருக்கிறார் என்று தெரிந்த ஒரே வீடு அதுதான். தெருவில் போகிறவர்கள் நண்டு விலை கேட்பதுபோல, "இன்னைக்கு எம்புட்டு?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

நல்லது செய்கிறோம் என்று மரியதாஸின் படகுக்காரர்கள்தான் கெடுத்தார்கள். நெஞ்சுச் சளிக்குக் கடல்காற்றை விட்டால் மருந்தில்லை என்பது அவர்கள் முடிவு. "ஏலே, காத்துப் பட்டா நெஞ்சு தெறந்துரும், தூக்குங்கலே," என்று ரெக்ஸ் சீலாவைப் படகில் ஏற்றினான். கரை விலக விலக எண் இறங்கியது. அலையாத்திக் காடு பச்சைக் கோடாகத் தேய்ந்தபோது எழுபத்தொன்று. வார்டில் மூச்சு ஏறுவதற்காக மரியதாஸைக் குப்புறப் போட்டார்கள். ரெக்ஸ் விட்ட வலையை அறுத்தெறிந்துவிட்டுத் திரும்பினான். கரைக்கு வந்தும் எண்பத்து நான்குக்கு மேல் ஏறவில்லை. விலகினால் இறங்குவது நெருங்கினால் ஏறத்தானே வேண்டும் என்றாள், குடும்பத்தின் முதல் பட்டதாரியான ஜோஸ்லின். சீலாவை ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு போனாள். ஒவ்வொரு ஊர் தாண்டவும் ஒன்றாக ஏறி, மண்டப வாசலில் தொண்ணூற்றொன்று ஆனது. நான்கு நாள் வாசலிலேயே கிடந்தார்கள். ஐந்தாம் நாள் யாரோ புகார் கொடுக்க, மறுநாள் நாய் பிடிக்கும் வண்டி வரும் என்றார்கள். அதனால்தான் காலையில் ஊரிலிருந்து வந்திருந்த ரெக்ஸிடம் நாயை விட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

பொறுப்பு அதிகாரி வேல்ராஜுக்கு முகக்கவசத்துக்கு மேலே கண்கள் சிவந்திருந்தன.

"படிச்ச புள்ளதானம்மா நீ?"

"படிச்சதுனாலதான் சார் மனுவோட நிக்கேன். இல்லாட்டி தூக்கிட்டு உள்ள ஓடியிருப்பேன்."

"மனுசனுக்கே நாற்காலியில உக்கார வச்சு ஆக்ஸிஜன் குடுக்குறோம். நீ நாய்க்குப் படுக்கைங்கிற."

"அவரு கட்டிலுக்கு அடியில தரையில போடுங்க. அது ஒண்ணும் மெத்தை கேக்கல."

வேல்ராஜ் சன்னல் வழியே வாசலைப் பார்த்தார். "இப்ப எத்தனை காட்டுது?"

"தொண்ணூத்தொண்ணு."

"உள்ளயும் அதான். நான் இல்லேங்கல. ஆனா நாயை உள்ள விட என்கிட்ட உத்தரவு இல்லம்மா. வண்டியையும் நிறுத்த ஏலாது."

"பிடிச்சு எங்கன கொண்டு போவாங்க?"

"ரொம்பத் தூரம்."

ஜோஸ்லின் கத்தவில்லை. நோயாளியைச் சொந்தப் பொறுப்பில் அழைத்துப்போகும் தாளைக் கேட்டாள்.

"ஆக்ஸிஜன் இல்லாம கூட்டிட்டுப் போனா..."

"என்ன ஆகும்னு உங்களுக்குந் தெரியாது, எனக்குந் தெரியாது சார். நாயைத் தூரமாக் கொண்டு போனா என்ன ஆகும்னு ரெண்டு பேருக்கும் தெரியும்."

அவர் தாளை நீட்டினார். நாற்காலியிலிருந்த ஒருவரை மரியதாஸின் கட்டிலுக்கு மாற்ற ஆட்கள் அப்போதே வந்து நின்றார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் வெளியே நடந்தாள். மீன் வண்டியின் பின்பக்கத்தைக் கழுவி, இருவர் படுக்கும்படி பாய் விரித்து வைக்க ரெக்ஸிடம் காலையிலேயே சொல்லியிருந்தாள்.