ஹாங்க் செய்கிற வேலை

மகள் மேரிபெத்தின் கல்யாணத்தில், மோதிரம் மாற்றும் நேரத்தில், தேவாலயத்தை விட்டு எழுந்து ஓடியவள் ட்ரூடி. அதன்பிறகு இரண்டு வருடம் மேரிபெத் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்றுதான் அமெரிக்காவின் டோலிடோ நகரத்து உணவகம் ஒன்றில் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். முள்கரண்டியால் முட்டையைக் குத்திக்கொண்டிருக்கிறாள்.

ட்ரூடியின் காலடியில் ஹாங்க், கறுப்பு லாப்ரடார் நாய், மூட்டை மாதிரி கிடந்தது. வந்து ஆறு மாதம்தான். பட்டாளத்தில் லாரி ஓட்டியவளுக்கு எதையும் பட்டென்று சொல்ல வரும். ஹாங்க் எதற்கு என்பதை மட்டும் மகளிடம் சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த மேஜைக்கு லோரெய்ன் என்றொரு பெண் வந்தாள். அவளுடைய குட்டி நாய்க்கு 'சேவை நாய்', அதாவது குறையுள்ளவருக்கு உதவப் பழகிய நாய், என்று எழுதிய சிவப்புச் சட்டை. வந்த வேகத்தில் பக்கத்துத் தட்டிலிருந்த பன்றிக்கறியைக் கவ்வி விழுங்கிவிட்டு, ஊரைக் கூட்டிக் குரைத்தது. மேலாளர் வெர்ன் வந்துவிட்டார்.

"மேடம், சட்டப்படி நான் ரெண்டே கேள்விதான் கேக்கலாம். உங்க உடம்புக்கோ மனசுக்கோ இருக்கிற குறைக்காகத்தான் இந்த நாயா? என்ன வேலை செய்யப் பழக்கியிருக்கீங்க?"

"சான்றிதழே இருக்கு, பாருங்க! தங்க முத்திரை!"

"அத என் மச்சான் அவன் கோழிக்கே இன்டர்நெட்ல வாங்கிட்டான். வேலையச் சொல்லுங்க."

"பக்கத்துல இருந்தா மனசுக்கு ஆறுதலா இருக்கு."

"எனக்கு பீர் இருந்தாக்கூடத்தான் ஆறுதலா இருக்கு. ஆறுதலை வீட்டுல வச்சுக்கங்க. வேலை பழகின நாய்க்குத்தான் இங்க இடம்."

பாவம், லோரெய்னின் துக்கம் பொய்யில்லை. சட்டைதான் பொய். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனாள்.

வெர்ன் சூட்டோடு சூடாக இந்தப் பக்கம் திரும்பினார். "உங்க நாய் என்ன செய்யும்?"

எழுந்து ஓடலாம். ஓடினால் மகள் இனி கிடைக்க மாட்டாள். ட்ரூடி நாற்காலியைத் தள்ளுவதற்கு முன்பே ஹாங்க் எழுந்து, அவள் மடியில் பாதி உடம்பைப் போட்டு அழுத்தியது. அவளுக்கு மூச்சு வந்தது.

"இதத்தான் செய்வான். கூட்டத்துல எனக்கு மூச்சு முட்டும். முன்னாடியே கண்டுபுடிச்சு இப்படி அழுத்துவான். கண்ணு இருட்டினா வாசலுக்கு இழுத்துட்டுப் போவான். போருக்குப் போய் வந்ததுலேர்ந்து இப்படித்தான்."

"போதும் மேடம். காப்பி ஊத்தச் சொல்றேன்," என்று வெர்ன் நகர்ந்தார்.

மேரிபெத்தின் முள்கரண்டி நின்றிருந்தது. "அப்ப, அன்னைக்கு சர்ச்சுல..."

"ஆமாடி. அப்ப இவன் இல்ல."

"என் புருஷன் டெரிலப் புடிக்காமத்தான் நீ ஓடினேன்னு நெனச்சேம்மா." மேரிபெத் அழுதாள்.

ட்ரூடி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவனப் புடிக்காதது நெசந்தான். ஆனா அதுக்காக ஓடியிருக்க மாட்டேன்டி. கடைசிவரைக்கும் உக்காந்து முறைச்சிருப்பேன்."