இணைப்பு வைத்திருக்கும் எவரும்

வெள்ளிக்கிழமை முதல் பீரியடில் தலைமையாசிரியை அறையில் இருந்தவர்கள்: தலைமையாசிரியை; மாணவர்களிடம் பேசிக் குறை கேட்கும் ஆலோசகர் டீச்சர்; ஏழாம் வகுப்புக்குப் பொறுப்பான கணக்கு வாத்தியார்; கம்ப்யூட்டர் சார். வெளியே பெஞ்சில் ஒரு மாணவியின் அப்பா. அவர் மடியில் நான்கு தாள்கள், ஓரம் பிசகாமல் அடுக்கியபடி.

அந்தத் தாள்கள் எப்படி வந்தன என்று கம்ப்யூட்டர் சாருக்குத் தெரியும். திங்கட்கிழமைதோறும் அவர் ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு அனுப்புவார். கேள்வித்தாளில் படம் ஒட்டுவது, பாட வீடியோவை இணையம் இல்லாமல் ஓட்டுவது, இப்படி. "வாரா வாரம் டிப்ஸ் குடுக்கறீங்க, உங்களுக்கு யார் சார் குடுப்பா?" என்று கணக்கு வாத்தியார் கிண்டலடிப்பார். கோப்பைத் திறக்க அனுமதி கேட்டு ஆளாளுக்கு உயிரை எடுத்ததால், இந்த வாரம் இப்படி எழுதினார்: எல்லாவற்றையும் பொது ஃபோல்டரில் போடுங்கள். இணைப்பு வைத்திருக்கும் எவரும் திறக்கலாம். இனி என்னைக் கேட்க வேண்டாம்.

ஆலோசகர் டீச்சர் 'எல்லாவற்றையும்' என்பதை அப்படியே எடுத்துக்கொண்டு மாணவர்கள் தன்னிடம் சொன்னதை எழுதிவைத்த குறிப்புகளையும் போட்டார். புதன்கிழமை கணக்கு வாத்தியார் பயிற்சித்தாளுக்காக அதே இணைப்பைப் பெற்றோர் குழுவில் தட்டிவிட்டார். அதிலிருந்து அந்த அப்பா அச்செடுத்தவைதான் அந்தத் தாள்கள்.

அந்த நான்கு பக்கங்களில் ஏழாம் வகுப்பில் படிக்கும் அவர் மகள் ஆலோசகர் டீச்சரிடம் சொன்னது இருந்தது. அப்பா பெல்ட்டால் அடிப்பது, சட்டைக்கு வெளியே தெரியாத இடமாகப் பார்த்து அடிப்பது, அம்மா அடுத்த அறைக்குப் போய்விடுவது. தேதி போட்டு, அவள் வார்த்தைகளிலேயே.

குழந்தைகள் நல அலுவலகத்தை இப்போதே கூப்பிடலாம், அவர்கள் வரும்வரை பெண்ணை அனுப்ப வேண்டாம் என்றார் ஆலோசகர் டீச்சர். தலைமையாசிரியை நிதானமாகக் கேட்டுக்கொண்டார். இது எப்படி வெளியே போனது என்றுதான் அவர்கள் முதலில் கேட்பார்கள், பள்ளியின் பேர் நாறும், யார் வேலை போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை என்றார்.

"அதை அழிச்சிடுங்க சார். சுவடே இருக்கக் கூடாது."

"அந்தப் பொண்ணு சொன்னதுக்கு நம்மகிட்ட இருக்கிறது அது ஒண்ணுதான் மேடம்," என்ற ஆலோசகர் டீச்சர், கம்ப்யூட்டர் சாரைப் பார்த்தார். "நீங்களாவது சொல்லுங்க."

அவருக்கு இது பதினொரு வருட வேலை. மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினார். அழிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"பயிற்சித்தாள் போயிடலையே சார்?" என்றார் கணக்கு வாத்தியார்.

பிறகு அப்பாவை உள்ளே அழைத்தார்கள். குடும்ப விஷயம் வெளியே வந்ததற்குத் தலைமையாசிரியை மன்னிப்புக் கேட்டார். அப்பா பெருந்தன்மையாகத் தலையாட்டினார்.

"பரவால்ல மேடம். அவ கதை கட்டுவா. வீட்ல நான் பேசிக்கிறேன்."

விடுப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுப் பெண்ணைக் கூட்டிப் போனார். ஆலோசகர் டீச்சர் படிக்கட்டில் நின்று குழந்தைகள் நல அலுவலகத்துக்குப் பேசினார். எழுத்தில் இருந்தால் அனுப்புங்கள், இன்றைக்கே வருகிறோம்; இல்லையென்றால் திங்கட்கிழமைதான் ஆள் வரும் என்றார்களாம். அதைச் சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் சாரின் முகத்தைக்கூடப் பார்க்காமல் போனார்.

பெண்ணின் பை கம்ப்யூட்டர் ஆய்வகத்தில் கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் சார் அவள் வீட்டுக்கு இரண்டு தெரு ஓடினார். மூன்றாவது மாடிக்கு ஏறும்போது என்ன சொல்வதென்று முடிவு செய்துகொண்டார்: ஆட்கள் வருகிறார்கள், உங்கள் கை அவள்மேல் படக்கூடாது.

அப்பா கதவைத் திறந்துகொண்டிருந்தார். பெண் சுவரோடு ஒட்டி நின்றாள். சாரைப் பார்த்ததும் பழக்கத்தில், "குட் மார்னிங் சார்," என்றாள்.

"பை," என்றார் அவர். "விட்டுட்டுப் போயிட்டா."

"உங்களுக்குத்தான் எவ்வளவு சிரமம்," என்று அப்பா பையை வாங்கிக்கொண்டார். "உள்ள போம்மா."

அவள் போனாள். அப்பாவும் போனார். கதவு சாத்திக்கொண்டது. சாவி உள்ளிருந்து இரண்டு முறை திரும்பியது.