அணைக்க முடியாத ஸ்கூட்டர்

மகளின் கல்யாணத் தேதி பேச மாப்பிள்ளை வீட்டு வாசலில் வந்து நின்றபோதுதான், ஸ்கூட்டரில் எச்சரிக்கை விளக்கு சிமிட்டுவதை லீயன் கவனித்தாள். சாவிக்குப் பதிலாக இருக்கும் ரிமோட் கணவரின் சட்டைப்பையில் போய்விட்டது. காலையில் அவர் பக்கத்தில் நின்றதால் வண்டி கிளம்பிவிட்டது. அவர் இப்போது சைகோன் பஸ்ஸில். அணைத்தால் மறுபடி கிளம்பாது.

சம்பந்தி தூயெட் வெளியே வந்தாள். "வண்டிய அணைச்சிட்டு உள்ள வாங்க சம்பந்தியம்மா."

"பரவாயில்ல, இப்படியே பேசிடலாமே."

"ஏன், எங்க வாசப்படி மிதிக்கக் கூடாதா? சம்பந்தம் பிடிக்கலைன்னா நேரா சொல்லிடுங்க!"

லீயன் அவசரமாகச் சிமிட்டும் விளக்கைக் காட்டினாள். வெட்கத்தை விட்டு உண்மையைச் சொன்னாள். தூயெட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எங்க வீட்டு மனுஷன் ரிமோட்ட மீன்குளத்துலயே போட்டுட்டாரு. பத்து நாளா அந்த வண்டி மேலதான் துணி காயப்போடறேன்."

இரண்டு பிளாஸ்டிக் முக்காலிகளும் தேநீரும் சந்துக்கே வந்தன. வண்டிச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தியே தேதியைப் பேசினார்கள். எதிர்வீட்டுக்காரி அங்கிருந்தே, "இருபதாம் தேதி வேணாம், அன்னிக்கு எனக்கு ஊர்ல வேலை இருக்கு!" என்றாள். பன்னிரண்டு என்று முடிவானது.

ஏற்கெனவே அடிமட்டத்தில் இருந்த பெட்ரோல் தீர்ந்து, ஸ்கூட்டர் இருமி அடங்கியது.

"அப்பாடா," என்று தூயெட் அவள் கையைப் பிடித்து எழுப்பினாள். "வாங்க, உங்களுக்காக வெச்ச மீன் குழம்பு ஆறுது."