மஞ்சள்வாலா, பச்சைவாலா

பழங்காநத்தத்தில் இருக்கிற என் டிக்கெட் கடைக்கு வருகிறவர்கள் உட்காருவதற்கு முன்பே கேட்கிற கேள்வி ஒன்றுதான். "கொழும்புக்கு எதுல போறது அக்கா? மஞ்சள்வாலா, பச்சைவாலா?"

மதுரையிலிருந்து கொழும்புக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. இங்கிருந்து அழகர்கோவிலுக்கு டவுன் பஸ்ஸில் போய்ச் சேர்வதற்குள் அங்கே இறங்கி டீ குடித்துவிடலாம். அந்தப் பயணத்துக்கு இரண்டு விமானக் கம்பெனிகள். ஒன்றுக்கு வாலில் மஞ்சள் பூச்சு, இன்னொன்றுக்குப் பச்சை. கம்பெனிப் பெயரை எங்கள் பக்கம் யாரும் சொல்வதில்லை. நானும் சொல்லப்போவதில்லை.

பதினாறு வருடமாக டிக்கெட் போடுகிறேன். முத்துமீனாவுக்கு வாய் நீளம் என்பார்கள். பத்து நாள் என் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள், உங்களுக்கும் நீளும். ஆனால் எந்த விமானம் யாருக்குச் சரிப்படும் என்பதில் என் சொல் இதுவரை தப்பியதில்லை. பச்சைவால் காலையில் கிளம்பும். இருபது கிலோவுக்கு மேல் ஒரு கிராம் ஏற்றாது, தண்ணீரைக்கூடக் கேட்டால்தான் கொடுப்பார்கள். மஞ்சள்வால் மதியம் கிளம்பும். முப்பது கிலோ, கையில் ஒரு சாப்பாட்டுப் பொட்டலம், சொன்ன நேரத்துக்குக் கதவைச் சாத்துவான்.

என் கணவர் கப்பலூரில் பேக்கரி அடுப்பு செய்கிற கம்பெனியில் மெக்கானிக். கொழும்பில் பதினேழு பேக்கரிகளில் அவர்கள் அடுப்பு எரிகிறது. அதில் ஏதாவது ஒன்று எப்போதும் மக்கர் பண்ணும். போன ஆனி மாதத்தில் முதலாளி வெள்ளைத்துரை என் கடைக்கே வந்துவிட்டார்.

"தங்கச்சி, இனிமே உன் வீட்டுக்காரர் மாசம் ரெண்டு தடவை போகணும். ஒவ்வொரு தடவையும் எதுல போறதுன்னு மண்டையை ஒடைக்க முடியாது. ஒண்ணை முடிவு பண்ணி அதுலயே போட்டுரு."

நான் யோசிக்கவே இல்லை. ஸ்பேனர் பெட்டியே பதினெட்டு கிலோ. மஞ்சள்வால்தான் என்றேன். முடிவு பண்ணியது நான்தான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் யார் மேலும் பழி போட இடம் வைக்கக் கூடாது.

மஞ்சள்வாலில் ஒரே ஒரு தொந்தரவு, பெயர். எங்கள் ஆட்களுக்கு ஒற்றைப் பெயர். அப்பா பெயர் இனிஷியலாகச் சுருங்கி, பாஸ்போர்ட்டில் அதுவும் காணாமல் போயிருக்கும். என் கணவர் பாஸ்போர்ட்டில் 'பேயாண்டி' என்று மட்டும் இருக்கிறது. விமானக் கம்பெனியின் கம்ப்யூட்டருக்கோ இரண்டு பெயர் வேண்டும். பச்சைவாலில், இல்லாத பெயருக்குப் பதிலாக 'தெரியாது' என்று குறிக்க மூன்று எழுத்து போட்டால் வாங்கிக்கொள்ளும். மஞ்சள்வால் அதை வாங்காது. இருக்கிற பெயரையே இரண்டு கட்டத்திலும் அடிக்க வேண்டும். அழகுமலை அழகுமலை, சங்கிலி சங்கிலி என்று எத்தனையோ பேருக்கு அடித்திருக்கிறேன். ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. ஆனால் அவர்கள் வீட்டில் அந்தப் பெயருக்கு ஒரே ஆள். எங்கள் வீட்டில் இரண்டு பேர்.

என் கணவருக்கு முன்னால் ஓர் ஆண் பிள்ளை பிறந்து, பதினோராம் மாதம் காய்ச்சலில் போய்விட்டது. அதன் பெயரும் பேயாண்டிதான், குலசாமி பெயர். இரண்டு வருடம் கழித்து இவர் பிறந்ததும், அதே பெயரை வைத்தால்தான் தங்கும் என்று வைத்தார்கள். போன பிள்ளை வீட்டுச்சாமி ஆனது. அதற்கென்று ஒரு மரப்பெட்டி. தை மாதம் பொங்கல் வைத்துப் புதுத்துணி எடுத்து அந்தப் பெட்டிக்குள் வைப்போம். முதலில் கௌன் வைத்தார்களாம், அப்புறம் டிரவுசர். பிள்ளை வளர்ந்துகொண்டே இருக்கிறது என்று கணக்கு. மாமியார் இறந்த பிறகு பெட்டி பழங்காநத்தத்துக்கு, என் வீட்டுக்கு வந்தது. துணி எடுக்கிற வேலையும் என் தலையில் விழுந்தது. தம்பிக்கு என்ன அளவோ அதுதான் அண்ணனுக்கும். நாற்பது சைஸ் சட்டை, எட்டு முழ வேட்டி. போன தையில் கட்டம் போட்ட சட்டை எடுத்து, குத்தியிருந்த குண்டூசியைக்கூடப் பிடுங்காமல் உள்ளே வைத்தேன்.

எங்கள் பக்கம் கணவரின் அண்ணன் தன் தம்பியின் மனைவிக்கு நேராக நிற்க மாட்டார். பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், கையில் எதையும் கொடுக்க மாட்டார், ஒரே வண்டியில் ஏற மாட்டார். என் தங்கை வீட்டில் அவள் கணவரின் அண்ணன் கூடத்துக்கு வந்தால் இவள் அடுக்களைக்குள் ஓட வேண்டும். "எனக்கு அந்தத் தொல்லை இல்லடி, என் வீட்டு மூத்தவரு பெட்டிக்குள்ள சமத்தா இருக்காரு" என்று அவளிடம் கேலி பேசுவேன். கேலி பேசிய வாயைத் தைத்திருக்க வேண்டும்.

முதல் பயணம் முடிந்து வந்ததும் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். "ஏர்போர்ட்டு கவுண்டர்ல அந்தப் பிள்ளை, கூட வந்தவரையும் வரச் சொல்லுங்க சார்ங்குது. நான் ஒத்தாளுதாம்மான்னேன். எட்டி எனக்குப் பின்னாடி பாக்குது."

இரண்டாவது முறை விமானத்தில் அவருக்கு இரண்டு சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தார்களாம். விமானம் நிறைந்திருந்தும் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லையாம். "கால் நீட்டி உக்காந்தீகள்ல, அப்புறம் என்ன" என்றேன். எப்போதும் அவருக்கு 14ஏ, ஜன்னலோரம் போடுவேன்.

மூன்றாவது முறைக்குப் பிறகுதான் எனக்கு எரிச்சல் வந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "மீனா, வந்துட்டோம், தோசை ஊத்து" என்றார். ஒத்தாளுக்கு என்ன 'வந்துட்டோம்' என்று கேட்டேன். எப்போதும் சிரிக்கிற மனிதர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து சாப்பிட உட்கார்ந்தாலும் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டே உட்கார்ந்தார். கட்டிலில் சுவரை ஒட்டிப் படுத்தார். அலைச்சல், களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். பயம் வந்தால் அதற்கு ஒரு காரணம் சொல்லி உட்கார வைத்துவிடுவது என் பழக்கம்.

ஐந்தாவது முறை அவர் கொழும்பில் இருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை காலை, விளக்கேற்றிவிட்டு, பூச்சி அரிக்காமல் இருக்க வேப்பிலை போடலாம் என்று பெட்டியைத் திறந்தேன். கட்டம் போட்ட சட்டை இல்லை. வேட்டியும் இல்லை. சட்டைக்குள் இருந்த அட்டை மடங்காமல் கிடந்தது. குண்டூசிகள் ஒரு மூலையில் ஒழுங்காகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. அதற்குப் பக்கத்தில் விமானச் சீட்டின் கிழித்த துண்டுகள் எட்டு, முந்தைய நான்கு பயணத்துக்கும் போக ஒன்று, வர ஒன்று. எட்டிலும் மஞ்சள்வால், எட்டிலும் பேயாண்டி பேயாண்டி, எட்டிலும் 14பி.

அவர் பையை நான்தான் அடுக்கினேன். அந்தச் சட்டை அதில் இல்லை. பெட்டிச் சாவி என் தாலிக்கொடியில்தான் தொங்குகிறது. பெட்டியைச் சாத்திப் பூட்டினேன். அழுகைகூட வரவில்லை.

கடைக்குப் போய் ஷட்டரைப் பாதி தூக்கி, உள்ளே உட்கார்ந்து, பதினாறு வருட அனுபவத்தையும் கூட்டி யோசித்தேன். பெயரில்தான் பிழை, பெயரைத் திருத்திவிட்டால் தீர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை திரும்புகிற மஞ்சள்வால் டிக்கெட்டை ரத்து செய்தேன். பச்சைவாலில் போட்டேன். முதல் கட்டத்தில் 'தெரியாது', இரண்டாம் கட்டத்தில் ஒரே ஒரு பேயாண்டி. ஓர் ஆள், ஓர் இருக்கை. செய்து முடித்ததும் மனசு லேசானது. மெத்தப் படித்த மூஞ்சூறு கழனிப்பானையில் விழுந்த கதை என்பது அப்போது தெரியவில்லை.

அவருக்குப் போன் செய்து சொன்னேன்.

"பச்சைவாலா?" என்றார். "அப்ப ஒத்த டிக்கெட்டுதான் வருமா?"

"ஒத்தாளுக்கு ஒத்த டிக்கெட்டுதான். பேசாம ஏறி வாங்க."

"சரி மீனா. நாங்க பேசிக்கிறோம்."

வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. 'வாரேன்' என்று ஒரு செய்தி மட்டும் வந்தது. அதைப் பார்த்துவிட்டு நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஞாயிறு காலை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனேன். பத்தரை மணி வெயில். பச்சைவால் இறங்கிய சத்தம் கேட்டது. இருபது நிமிடத்தில் ஆட்கள் வெளியே வர ஆரம்பித்தார்கள். கடைசியாக அவர் வந்தார். அவர் முகம், அவர் நடை, தோளில் அவர் பை. உடம்பில் கட்டம் போட்ட சட்டை. மடித்து வைத்த மடிப்பு இன்னும் கலையவில்லை. பெட்டிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு இந்த மனுசன் என்னை இரண்டு நாள் சாகடித்திருக்கிறார் என்று கோபம்தான் முதலில் வந்தது. கோபத்தோடு சேர்ந்து அவ்வளவு சந்தோஷம்.

அவர் பத்தடி தள்ளி நின்றுவிட்டார். என்னைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் திரும்பி, தரையைப் பார்த்துக்கொண்டு, "நல்லா இருக்கியா தாயி" என்றார்.

பதினாலு வருடக் குடித்தனத்தில் அவர் என்னைத் தாயி என்று கூப்பிட்டதே இல்லை.

நான் விலகி நின்றேன். ஏன் விலகினேன் என்று தெரியாது, கால் தானாக நகர்ந்தது. நான் விலகிய பிறகுதான் அவர் வண்டியருகே வந்தார். பையிலிருந்து ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து, என் கையில் கொடுக்காமல் ஸ்கூட்டர் சீட்டில் வைத்தார். அந்தக் கையைப் பார்த்தேன். என் கணவருக்கு வலது மணிக்கட்டில் அடுப்புக் கதவு பட்ட தழும்பு இருக்கும், உள்ளங்கை சிரட்டை மாதிரி காய்த்திருக்கும். இந்தக் கை எந்த வேலையும் செய்யாத கை. பச்சைப்பிள்ளையின் கை மாதிரி வழவழவென்று இருந்தது.

"நீ வண்டில போ தாயி," என்றார். "நான் பஸ்ஸுல வாரேன்."

வீட்டுக்கு வந்ததும் கொழும்பு பேக்கரிக்குப் போன் போட்டேன். "பேயாண்டி அண்ணன் காலையிலயே ஊருக்குப் போயிட்டாரே" என்றார்கள். போலீஸில் சொல்லவும் வழியில்லை. பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்துவிட்டது. கணக்குப்படி பேயாண்டி மதுரைக்கு வந்து சேர்ந்துவிட்டார்.

சிறிது நேரத்தில் அவரும் வந்தார். உள்ளே வரவில்லை, வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"அவரு எங்க?"

"ஒரு டிக்கெட்டுதான தாயி வந்துச்சு. ரெண்டு பேரும் உக்காந்து பேசுனோம். 'நீ போண்ணே'ன்னான். எப்பவும் விட்டுக் குடுக்கிற பய."

"நான் மஞ்சள்வால்ல டிக்கெட் போடுறேன். இன்னிக்கு மதியமே போடுறேன். போகவர ரெண்டு பேரையும் போட்டே அடிக்கிறேன். போயி அவரையும் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேரும் இருங்க. நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

தெருவில் காய்கறி வண்டி போனது, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் முதல் தடவையாகப் பார்க்கிற பார்வை. பிறகு, கோபமே இல்லாமல் சொன்னார்.

"அவன் நாப்பத்தோரு வருசம் இருந்துட்டான் தாயி. நான் பதினோரு மாசந்தான் இருந்தேன். கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேனே."



உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தேன். திறப்பதற்கு முன்பே வாசனை வந்தது, சூடான ரொட்டி வாசனை. அட்டையும் குண்டூசியும் காணோம். என் கணவரின் நீலச் சட்டை, கம்பெனிப் பெயர் தைத்தது, நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. வலது கை விளிம்பில் தீய்ந்த கறுப்பு. தொட்டேன். இப்போதுதான் கழற்றியது போல வெதுவெதுப்பாக இருந்தது. முகத்தில் அழுத்திக்கொண்டு, வாசலில் இருப்பவருக்குக் கேட்காமல் அழுதேன்.

அவர் இன்றும் வாசலில்தான் படுக்கிறார். தட்டைக் கூடத்தில் வைத்துவிட்டு நான் அடுக்களைக்குள் போன பிறகு வந்து சாப்பிடுகிறார். கொழும்புக்கு மட்டும் போக மாட்டேன் என்கிறார். கடையில் யாராவது மஞ்சள்வாலா, பச்சைவாலா என்று கேட்டால், முதலில் பாஸ்போர்ட்டை வாங்கிப் பெயரைப் பார்க்கிறேன். ஒற்றைப் பெயராக இருந்தால், உங்களுக்கு முன்னால் ஏதாவது பிள்ளை போயிருக்கிறதா என்று கேட்கிறேன். பைத்தியம் என்கிறார்கள்.

தை பிறக்க இன்னும் பன்னிரண்டு நாள். ஜவுளிக்கடைக்குப் போய்ப் பெட்டிக்கு ஒரு சட்டை எடுக்க வேண்டும். அளவு எனக்குத் தெரியும், சைஸ் நாற்பது. அவருக்கு நீலம்தான் பிடிக்கும்.